நவம்பர் 9-ம் ஒரு கிண்ணம் சூப்பும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு செய்தியைப் போட்டிருந்தார். ஜெர்மனியில் 1918, 1923, 1938, 1989 என்று நான்கு பெரிய சம்பவங்கள் நவம்பர் 9 அன்றே நடந்தனவாம். அமெரிக்காவின் 9/11-ம் அதே தேதிதானாம். ஒன்பது செவ்வாயின் எண், ரத்தம் பார்க்காமல் விடாது என்கிறார். என் மகள் பிறந்ததும் நவம்பர் 9. நான் சிரித்துவிட்டேன், மனைவிக்குத்தான் உறுத்துகிறது. இவ்வளவும் தற்செயல்தானா?

ர., கோவில்பட்டி

அன்புள்ள ர.,

முதலில் அந்த 9/11-ஐக் கழித்துவிடுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள்; அது செப்டம்பர் 11. மாமா நம் ஊர் வழக்கப்படி படித்துவிட்டார்.

மற்ற நான்கும் உண்மை. ஜெர்மானியர்களே அதை 'விதியின் நாள்' என்று சொல்வதுண்டு. எனக்கென்னவோ அதில் விதியைவிட மனிதர்களின் கைவேலைதான் அதிகம் தெரிகிறது.

1918-ல் உலகப் போரில் தோற்கும் நேரம். ஜெர்மன் பேரரசர் கெய்சர் சம்மதிப்பதற்கு முன்பே அவர் பதவி விலகிவிட்டதாகச் சான்சலர் அறிவித்துவிட்டார். பெர்லின் நாடாளுமன்ற உணவகத்தில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமான் சூப் குடித்துக்கொண்டிருக்கிறார். கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்த லீப்க்னெக்ட் தன் பாணிக் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்று ஆட்கள் ஓடிவந்து சொல்ல, எழுந்து போய், கீழே திரண்டிருந்த கூட்டத்திடம் ஜெர்மனி இனி குடியரசு என்று முழங்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. திரும்பி வந்தவரிடம் கட்சித் தலைவர் ஏபர்ட் மேஜையைக் குத்திச் சத்தம் போட்டாராம்.

குடியரசைக் கொண்டுவந்த அந்தப் புரட்சிக்காரர்களை 'நவம்பர் குற்றவாளிகள்' என்று திட்டியே வளர்ந்தவர் ஹிட்லர். 1923-ல், ஐந்தாம் ஆண்டு நிறைவு வந்த அதே நாட்களில், மியூனிக் பீர் கூடம் ஒன்றில் கூரையை நோக்கிச் சுட்டு ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடங்கினார். மறுநாள், 9-ம் தேதி, ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டுக் கலைத்தது.

ஹிட்லரின் நாஜிக்கள் ஆட்சிக்கு வந்த பிறகு அந்தத் தோல்வியையே வருடாந்திரத் திருவிழாவாக்கிக் கொண்டார்கள். 1938-லும் பழைய தோழர்கள் மியூனிக்கில் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். இரண்டு நாள் முன்பு பாரிஸில் ஒரு யூத இளைஞனால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டார் என்ற சேதி அங்கேதான் வந்தது. பிரசார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கட்சியின் தலைவர்கள் அத்தனை பேரும் ஒரே கூடத்தில். உத்தரவு ஊர் ஊராகப் பறக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதத் தொழுகைக் கூடங்கள் எரிந்தன, சுமார் 30,000 யூத ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆக, இந்த மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தவை. இதில் செவ்வாய்க்கு என்ன வேலை?

உண்மையான தற்செயல் 1989 மட்டும்தான், பெர்லின் சுவர் திறந்த நாள். கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷாபோவ்ஸ்கி செய்தியாளர் சந்திப்புக்குக் கிளம்பும்போது, மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதிய பயண விதிகள் அடங்கிய தாளை அவர் கையில் திணித்தார்கள். அதை விவாதித்த கூட்டத்தில் அவர் இல்லை. மாலை ஏழு மணி நெருங்குகிறது. எப்போதிலிருந்து அமல் என்று கேட்கிறார்கள். தாளைப் புரட்டுகிறார், கண்ணாடி வழியாகத் தேடுகிறார், "எனக்குத் தெரிந்தவரை... உடனடியாக" என்கிறார். டிவியில் நேரடி ஒளிபரப்பு வேறு! பெர்லின் சுவரில் இருந்த பார்ன்ஹோல்மர் தெரு சோதனைச் சாவடியின் அதிகாரி யேகர் இதைப் பார்த்தது கேன்டீனில், இரவுச் சாப்பாட்டின்போது. மறுபடியும் சாப்பாட்டு மேஜைதான், பாருங்கள். மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டும் தெளிவான பதில் வரவில்லை. கூட்டம் பெருகியது. இரவு பதினொன்றரை வாக்கில் அவரே கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

ஜெர்மனி இணைந்த பிறகு நவம்பர் 9-ஐயே தேசிய தினமாக வைக்கலாம் என்ற பேச்சும் இருந்தது. 1938 நடந்த நாளில் கொண்டாட்டம் எப்படி என்ற தயக்கம். 1990-ல் சட்டப்படி இணைந்த அக்டோபர் 3 தேசிய தினமானது.

சரி, ஷாபோவ்ஸ்கியின் தாளுக்கு வருகிறேன். அந்த அறிவிப்பு வெளியாக வேண்டியது மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு. அவர் அதைக் கவனித்திருந்தால் மாமாவின் பட்டியலில் மூன்றுதான் இருந்திருக்கும். இதை வீட்டில் சொல்லுங்கள். மகளுக்கு என் வாழ்த்து.