கலங்கல் அளக்கும் சென்சார்: வாங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

பாக்டீரியா பெருகப் பெருகத் திரவம் கலங்கும். ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளி சென்சார் வைத்தால், எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்பதிலிருந்து வளர்ச்சியைக் கணிக்கலாம். அந்த அளவை ஓ.டி. (ஆப்டிகல் டென்சிட்டி, ஒளி அடர்த்தி) என்பார்கள். இதை வீட்டில் செய்யப் பொருள் வாங்கியவர்களின் கடிதங்கள் இந்த வாரம்.

ஒளி சென்சாராக பி.பி.டபிள்யூ. 34 என்ற போட்டோடயோடு ஆர்டர் செய்தேன். கறுப்பு நிறத்தில் ஒன்று வந்தது. ஆரஞ்சு எல்இடியைக் காட்டினால் அசையவே இல்லை, டிவி ரிமோட்டைக் காட்டினால் துள்ளுகிறது. நான்தான் தப்பாக இணைத்தேன் என்கிறார் விற்றவர்.
– கல்லூரி மாணவி, திருச்சி

நீங்கள் சரியாகத்தான் இணைத்திருக்கிறீர்கள், அம்மா. வந்தது பெயரின் கடைசியில் எஃப் சேர்ந்த வகையாக இருக்கும். அதன் மேலுள்ள வடிகட்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும், உங்களுக்கு வேண்டிய 600 நானோமீட்டர் அலைநீள ஆரஞ்சு ஒளி உள்ளேயே போகாது. நீங்கள் கேட்டது நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். சொன்ன பொருள் ஒன்று, அனுப்பியது வேறு என்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ரிமோட் சோதனையை வீடியோ எடுங்கள், விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், பணத்தை எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையம் போனாலும், பொருளின் விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

விலை குறைந்த எல்டிஆர் (ஒளி பட்டால் மின்தடை மாறும் சென்சார்) போதாதா?

போதாது. ஒளிக்கு நேர் விகிதத்தில் மாறாது, மாறவும் நேரம் பிடிக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் ஆரஞ்சு எல்இடி வாங்கினேன். 600 நானோமீட்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பள்ளி ஆசிரியர், செங்கல்பட்டு

கடைக்காரர் சொன்னால்தான் தெரியும், அவர்தான் சொல்ல மாட்டார். எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இது. தயாரிப்பாளர் அலைநீளத்தை டேட்டாஷீட்டில் போட்டுத்தான் அனுப்புகிறார், அதை வெட்டி எறிந்துவிட்டு வெறும் நிறத்தின் பெயரில் விற்கிறார்கள். ஆரஞ்சு என்ற ஒரே பெயரில் 590-ம் வரும், 620-ம் வரும். நானும் 600 என்று எழுதிய ஒரு பாக்கெட் வாங்கினேன், ஏற்றிப் பார்த்தால் பாதி மஞ்சளாகவும் பாதி சிவப்பாகவும் எரிந்தன, பில் கேட்டதற்கு உதிரிப் பொருளுக்கெல்லாம் பில் இல்லை என்றார்கள். பில் கேட்பது உங்கள் உரிமை, சார். கலங்கலை அளக்க 10 நானோமீட்டர் முன்பின் போனால் குடி முழுகிவிடாது, ஆனால் எந்த எண் என்று தெரியாமல் உங்கள் மாணவர்கள் எடுத்த அளவை வேறு யாருடைய அளவோடும் ஒப்பிட முடியாது. பார்ட் நம்பர் இல்லாத எல்இடியை வாங்காதீர்கள். அப்புறம், எல்இடி சூடாகும்போது வெளிச்சம் குறையும், அதனால் சற்று நேரம் எரியவிட்டுப் பிறகு பாக்டீரியா சேர்க்காத வெறும் வளர்ப்புத் திரவத்தை வைத்துப் பூஜ்ஜியம் எடுங்கள்.

கிட் வாங்கிப் பொருத்தினேன். நான் பார்த்த ஓ.டி. 1.8, அதே திரவம் நண்பரின் ஆய்வகத்தில் 3-க்கு மேல். புகார் கொடுக்கலாமா?

யார் மேல்? திரவத்தை நீர்க்கச் செய்து அளந்தீர்களா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஏறத்தாழ 0.4-க்கு மேல் போனால், சிதறிய ஒளி மறுபடி சிதறிக் கொஞ்சம் சென்சாருக்கே வந்துவிடும், அளவு குறைவாகக் காட்டும். ஓ.டி. 2 என்றால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேர்கிறது, மூடி இடுக்கில் கசியும் வெளிச்சமே அதை விழுங்கிவிடும். பத்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்து பத்தால் பெருக்குங்கள். அப்போதும் இரண்டு கருவிகள் அச்சாக ஒத்துப்போகாது, அமைப்பு வேறு. விற்றவர் மேல் குற்றமில்லை.

திரவத்தை ஊற்றி அளக்கும் சிறு குப்பி, அதாவது குவெட், குவார்ட்ஸில்தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

வேண்டாம். அது புறஊதாவுக்கு. உங்களுக்கு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் போதும்.

என் மகன் வாய்க்கால் நீரிலிருந்து பாக்டீரியா வளர்த்து அளக்க ஆசைப்படுகிறான். என்ன வாங்கித் தரலாம்?
– ஒரு தாய், ஈரோடு

ஈஸ்ட் வாங்கிக் கொடுங்கள். வாய்க்கால் நீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதை வீட்டில் பெருக்கக் கூடாது. வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் பேக்கரி ஈஸ்டைக் கரைத்தாலும் அதே கருவி அதே முறையில் கலங்கலைக் காட்டும். ஈஸ்ட் அடியில் படியும், ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு அளக்கட்டும். குவெட்டில் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடச் சொல்லுங்கள். பாட்டிலை இறுக்கி மூடாதீர்கள், வாயு சேரும்.