ஒரே வீச்சா, ஐந்து கல்லா?

வணக்கம் ஐயா,

சென்னையில் ஒரு கண்காட்சியில் வண்ண லித்தோகிராஃப்கள் (கல்லில் வரைந்து அச்சிட்ட படங்கள்) சில பார்த்தேன். உருவம் எதுவும் இல்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பில் வேகமான தூரிகை இழுப்புகள். ‘கையின் உடனடி வெளிப்பாடு’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும் என்றும் அங்கேயே சொன்னார்கள். ஐந்து கல்லில் நாள் கணக்காகச் செய்வது எப்படி உடனடி வெளிப்பாடு ஆகும்? நம்மை ஏமாற்றுகிறார்களா?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பு பாதியோடு நின்றுவிட்டது.

நம் சுவர்களில் ஒட்டுகிற லித்தோ போஸ்டருக்கு மூதாதை இந்தக் கல்லச்சுதான். 1790-களின் கடைசியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் சேராது, அவ்வளவுதான் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைவார்கள். கோந்தில் துளி அமிலம் சேர்த்துப் பூசி, கல்லை நனைத்து உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் செதுக்கல் கிடையாது. மரக்கட்டையிலும் செப்புத்தகட்டிலும் உளியோ ஊசியோ கையின் ஓட்டத்தைத் தடுக்கும். கல்லில் கை போனபடியே பதிவாகும். தூரிகை காய்ந்து நார் நாராகப் பிரிந்த இடம், நீர்த்த மை தேங்கி உலரும்போது நரம்பு நரம்பாகச் சுருங்கிய இடம் எல்லாம் அப்படியே காகிதத்துக்கு வரும். தூரிகை வீச்சையே நம்பிய ஓவியர்கள் கல்லைத் தேடி வந்தது இதற்காகத்தான். வில்லெம் டி கூனிங் 1960-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தரை துடைக்கிற மாப்பை மையில் தோய்த்துப் பெரிய கல்லின் மேல் இழுத்தார். சாம் ஃபிரான்சிஸ் 1970-இல் சாண்டா மோனிகாவில் தமக்கென்றே ஓர் அச்சகம் வைத்துக்கொண்டார்.

சரி, வண்ணத்துக்கு வருவோம். மஞ்சளுக்கான கல்லில் ஓவியர் மஞ்சளால் வரைவதில்லை. வரைகிற மை கறுப்புதான். அச்சிடும்போதுதான் மஞ்சள் ஏறும், அதுவும் இடம் வலம் மாறி. கை கறுப்பை இழுக்கும்போதே, பின்னால் வரும் மஞ்சள் சிவப்பின் மேல் எங்கே ஏறி ஆரஞ்சாகும் என்பது மனதில் ஓட வேண்டும். உங்கள் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் துணியில் வரைந்து சாயமேற்றும் கலம்காரிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இது உடனே புரியும். பழைய முறையில் படிகாரத்தால் வரைந்த இடம் சாயத்தில் முக்கிய பிறகுதான் சிவக்கும். வரைகிற நேரத்தில் அந்தச் சிவப்பு கண்ணில் இருக்காது.

ஆகவே ஐந்து கல் என்றால் ஐந்து வீச்சு. ஒவ்வொன்றும் அந்த நொடியில் விழுந்ததுதான். நடுவில் கழியும் நாட்களில் ஓவியர் முந்தைய அச்சைப் பார்த்து யோசிக்கிறார், அடுத்த வீச்சுக்குத் தயாராகிறார். இந்தக் காத்திருப்பு வேகத்தைப் பொய்யாக்கிவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை. நாயனக்காரர் ஆலாபனையை அந்த நேரத்தில்தான் வாசிக்கிறார், அதற்குப் பின்னால் எவ்வளவு சாதகம் இருந்தாலும்.

இன்னொரு ஆளையும் மறக்கக் கூடாது: அச்சிடுபவர். அமிலம் கொஞ்சம் கூடினால் மென்மையான சாயல்கள் போய்விடும். அமெரிக்காவில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் அருகிப்போனதால்தான் ஜூன் வெய்ன் 1960-இல் லாஸ் ஏஞ்சலீஸில் டாமரிண்ட் பட்டறையைத் தொடங்கி அச்சாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அச்சாளர் பெயரையும் கண்காட்சிக் குறிப்புகளில் போட வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த முறை போனால் இரண்டு வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எது முதலில் அச்சானது, எது பிறகு ஏறியது என்று அங்கே பிடிபடும். அப்புறம் எழுதுங்கள்.