பச்சை மலைக்குள் அம்மாயியைக் காணோம்

கேள்வி: ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து நான்கு நிமிட அனிமேஷன் படம் செய்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு அம்மாயியின், அதாவது பாட்டியின், ஒரு நாள்தான் கதை. பின்னணி வரைந்தால் மலையெல்லாம் பச்சைப் பாய் விரித்த மாதிரி தட்டையாக இருக்கிறது. அம்மாயி அதற்குள் காணாமல் போய்விடுகிறார். எங்கே பிழை?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். ஒவ்வொரு செடியையும் பொறுமையாக உட்கார்ந்து வரைந்திருக்கிறீர்கள். பிழையே அங்கேதான். கிட்ட உள்ள மலைக்கும் எதிர்மலைக்கும் ஒரே பச்சை, ஒரே தடிப்பில் கோடு. கண் எங்கே போய் நிற்கும்?

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றை மட்டும் வைத்து வரையுங்கள். அதில் அம்மாயி தெரியாவிட்டால் சிவப்புச் சேலை கட்டிவிட்டாலும் தெரியமாட்டார். அடர்சிவப்பையும் கரும்பச்சையையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான்.

அப்புறம் தூரம். காலையில் பிரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தில், நின்று பாருங்கள். காலடியில் உள்ள செடியில் கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை, முற்றிய இலை கரும்பச்சை, அடியில் தூர் கிட்டத்தட்டக் கறுப்பு. எதிர்மலையில் செடியே தெரியாது. மேடு பள்ளத்தோடு வளையும் நிரைகளும், குறுக்கே இறங்கும் கானும் (வடிகாலும்), இடையிடையே சவுக்கு மரங்களும்தான். அதற்கும் அப்பால் நீலச்சாம்பலில் வெறும் விளிம்பு. இடையில் உள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் கூடக்கூட இருட்டு வெளுத்துப்போகும். அதனால் கடும் இருட்டு முன்மலைக்கு மட்டும்.

பனிமூட்டத்தை மலையோடு சேர்த்துப் பூசிவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிப் பூசி, கமரா நகர்ந்தபோது பனி சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி மலையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அத்தனையையும் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. முன்மலை, பனி, நடுமலை, பனி, தூரமலை, வானம் எல்லாம் தனித்தனி லேயர். முன்மலை ஃப்ரேமுக்கு 8 பிக்சல் நகர்ந்தால் நடுமலைக்கு 3, தூரமலைக்கு 1 என்று தொடங்கிப் பாருங்கள். கமரா நின்றாலும் பனி நிற்கக் கூடாது.

அளவையும் இதிலிருந்தே போடலாம். நொடிக்கு 24 ஃப்ரேம், மூன்று நொடி நகர்வு என்றால் முன்மலை 576 பிக்சல் ஓடும். 1920 அகலத் திரைக்கு அந்த லேயர் குறைந்தது 2496 அகலம் வேண்டும். நான் 2700 வைப்பேன். கிரிட்டா என்ற வரைகலை மென்பொருள் இலவசம், இதற்குத் தாராளமாகப் போதும்.

பச்சை சலித்துவிட்டால் கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகள் மீண்டும் தளிர்க்கக் கிளை நறுக்கிய, மலை ஒன்றைக் காட்டுங்கள். இலையில்லாத பழுப்புக் கிளைகள், இடையில் வெறும் மண். அம்மாயி வீடு திரும்பும்போது அந்த வழியாக நடக்கட்டும், உருவம் பளிச்சென்று தெரியும். அங்கே கொழுந்தெடுக்க மட்டும் விட்டுவிடாதீர்கள், தோட்டத்தில் படம் போடும் அன்றைக்கே சிரிப்பார்கள்!

மாதத்தையும் முடிவு செய்யுங்கள். யூலையில் உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை, வானம் சாம்பல், தகரக் கூரையில் ஈர மினுக்கம். அதே நாளில் பதுளைப் பக்கம் காய்ந்த காற்று. இணையத்தில் கிடைத்த பதுளைப் போட்டோவைப் பார்த்து ஹட்டன் வானத்துக்கு நீலம் பூசினால் கதை ஊர் மாறிவிடும்.

லயன் காம்பராவுக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்கு, இவ்வளவு பாடு இல்லை. வெளிச்சத்தைக் கதவு வழியாக மட்டும் விடுங்கள். அடுப்படிச் சுவர் புகையேறிக் கறுத்திருக்கும், அதில் சாமான்களை விவரமாக வரைய வேண்டாம். கதவுச் சட்டத்துக்குள் வெளியே உள்ள பனி வெள்ளையாக இருக்கட்டும். கூடையோடு அம்மாயி அந்த வெள்ளைக்கு முன்னால் வந்து நின்றால், முகம் வரையாமலே அவர்தான் என்று தெரியும்.