செத்த லைன்

அன்புள்ள அண்ணா,

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீட்டிலிருந்தபடி ஒரு சென்னை சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். நாலு வருஷம் ஆகிறது. கூடச் சேர்ந்தவன் சீனியர் ஆகிவிட்டான், எனக்கு மட்டும் 'இன்னும் பக்குவம் வரணும்' என்கிறார்கள். டீமில் வேகமாகப் புரோகிராம் கோடு எழுதுவது நான்தான். சிஸ்டம் டிசைன், அதாவது பெரிய சாப்ட்வேரை மொத்தமாக வடிவமைப்பது எப்படி என்று படித்தால் சரியாகுமா?

ச.

அன்புள்ள ச.,

படி, நல்லதுதான். நண்பனுக்குப் பதவி வந்த கதையில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'வேகமாக' என்று எழுதியிருக்கிறாயே, அங்கேயே நின்றுவிட்டேன். போன வாரம் எங்கள் தெருக் கம்பத்தில் வேலை நடந்ததை வேடிக்கை பார்த்தபோது ஒரு பழைய சம்பவம் மனசில் ஓடியது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக் கம்பங்கள் முறிந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. லைன் சரிபண்ண வந்த இரண்டு பேரில் சின்னவன் நேரே ஏறப் போனான். பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எர்த் ராடு போட்டியா?"

"ஊருக்கே கரண்ட் இல்லியேண்ணே."

"பின் தெருவுல ஜெனரேட்டர் ஓடுதே, அதை எப்படி மாட்டியிருக்கான்னு பாத்தியா?"

மெயினை அணைக்காமல் யாராவது ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் கொடுத்துவிட்டால், அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, மேலே 11,000 வோல்ட் லைனையே உயிர்ப்பித்துவிடும். எர்த் ராடு லைனை மண்ணோடு இணைத்துவைக்கும், அப்படி வருகிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும்.

எனக்கு அப்போது சாப்ட்வேரில் எட்டு வருஷ அனுபவம், விசிட்டிங் கார்டில் சீனியர் என்றே போட்டிருந்தது. இரண்டு மாதம் முன்னால்தான், வேறெந்தக் கோடும் கூப்பிடவில்லை என்று ஒரு பழைய ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய கோடுத் துண்டை, அழித்திருந்தேன். மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற ஒரு வேலை அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்குச் சனி ஞாயிறு போச்சு. கார்டில் சீனியர், புத்தியில் அந்தச் சின்னவன்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவில் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதுப் புரோகிராமை எட்டு சர்வரில் ஒன்றில் போட மறந்தது. அதில் 2003-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கோடு கிடந்தது. அதை எழுப்புகிற பழைய ஃபிளாகையே, அதாவது ஆன்-ஆஃப் குறியையே, புது வேலைக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்துவிட்டது. 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். செத்த லைன் என்று யார் சொன்னது?

சரி, நீ சொல். இந்த ஆறு மாதத்தில் ஒன்றைத் தொடுவதற்கு முன்னால் 'இது யார் யாருக்கெல்லாம் போகுது' என்று ஒருத்தரிடமாவது கேட்டாயா? கேட்டால் ஜூனியர் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டு வேகமாக எழுதியிருப்பாய். மடையா, நானும் அதைத்தான் செய்தேன்.

அன்று பெரியவர் ராடை மாட்டிவிட்டுத்தான் சின்னவனை ஏறவிட்டார். அவன் இறங்குகிற வரை ஜெனரேட்டர் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ வேறென்னவோ கேட்டிருந்தாய். லாஸ்பேட்டையிலிருந்து கடலூர் என்ன தூரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, பேசுவோம்.