ஸ்பிரிங்க்ளர் குழாய்க்கு எத்தனை அடிக்கு ஒரு ஹேங்கர்?

ஒன்றரை அங்குலக் குழாய்க்கு ஆறு மீட்டருக்கு ஒரு ஹேங்கர் (குழாயை மேல்தளத்திலிருந்து தொங்கவிட்டுத் தாங்கும் பிடி) போதும் என்று உங்கள் ஃபோர்மேன் சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். போதாது. குழாய் ஆறு மீட்டர் நீளத்தில் வருகிறது, அதனால் 'குழாய்க்கு ஒன்று' என்று கைக்கு வந்துவிட்ட பழக்கம் அது.

துபாயில் நாங்கள் பின்பற்றும் என்எஃப்பிஏ 13 (ஸ்பிரிங்க்ளர் அமைப்புக்கான அமெரிக்க விதிமுறை) படி, ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) இரும்புக் குழாய் 1, 1¼ அங்குலம் என்றால் அதிகபட்சம் 12 அடி (3.66 மீட்டர்). 1½ முதல் 8 அங்குலம் வரை 15 அடி (4.57 மீட்டர்). சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு இந்தக் கணக்கே வேறு. ஒரு அங்குலத்துக்கு 6 அடிதான்.

ஆனால் நடு இடைவெளியைவிட எனக்குப் பயம் கடைசி ஹேங்கரில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முடித்துக் கொடுத்த ஓர் அலுவலகத்தில் பெயின்டரின் ஏணி இடித்து, சுவரோரம் இருந்த ஹெட் (தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் முனை) திறந்துகொண்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஹெட்டையே காணோம். தண்ணீர் கீழே பாய்ந்த வேகத்தில் குழாய் மேலே எம்பி, ஹெட் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய்விட்டது. தண்ணீர் முழுக்க சீலிங் ஓடுகளின் மேல் கொட்டியது. ஊறிய ஓடுகள் ஒவ்வொன்றாக மேசைமேல் விழுந்தன. அன்று நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் அந்த மூலையில் ஒரு சொட்டு விழுந்திருக்காது.

கடைசி ஹேங்கர் அங்கே ஹெட்டிலிருந்து நான்கடி தள்ளி இருந்தது. சாதாரணமாக 1 அங்குலக் குழாயின் நுனி 3 அடி, 1¼ அங்குலம் 4 அடி, 1½ அங்குலமும் அதற்கு மேலும் 5 அடி வரை தாங்கலின்றி நீளலாம். ஆனால் குழாயில் தண்ணீர் அழுத்தம் 6.9 பாரைத் தாண்டி, குழாய் சீலிங்குக்கு மேலே, ஹெட் கீழ்நோக்கி என்றால் 12 அங்குலம்தான். அந்த ஹேங்கர் குழாய் மேலே எழும்பாமலும் பிடிக்க வேண்டும். ரிங் ஹேங்கர் (வளையப் பிடி) என்றால் அதைத் தொங்கவிடும் ராடை இன்னும் கொஞ்சம் கீழே திருகி, நுனி குழாயின் முதுகில் முட்டும்படி விடுங்கள். எங்கள் குழாய் வளையத்துக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது.

ராடை மேல்தளத்தில் பிடிக்கும் ஆங்கரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் நிறைந்த குழாயின் எடையைப் போல் ஐந்து மடங்கு, அதோடு கூடுதலாக 114 கிலோவும் தாங்க வேண்டும். 4 அங்குலக் குழாய் 15 அடி என்றால் கிட்டத்தட்ட 670 கிலோ.

சீலிங் ஓடு மூடுவதற்குள் ஃபோர்மேனை ஏணியில் ஏற்றி, கடைசி ஹெட்டிலிருந்து டேப் பிடிக்கச் சொல்லுங்கள்.