ஆஸ்டன் தானாக ஓடட்டும், டேக் மட்டும் கையில் இருக்கட்டும்

கேள்வி: மாவட்ட அளவிலான சிறிய செய்திச் சேனலில் சிஜி எனப்படும் திரை எழுத்து, கிராபிக்ஸ் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். அரை மணி நேர புல்லட்டினுக்கு நாற்பது ஆஸ்டன் வரை, அதாவது திரையின் கீழே பெயரும் பதவியும் காட்டும் பட்டைகளை, ஒரே ஆள் டைப் செய்கிறார். பெயர் மாறுகிறது, பதவி தப்பாகிறது. விலை உயர்ந்த மென்பொருள் வாங்க வசதியில்லை. இதை ஆட்டோமேட் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒன்று, உங்கள் ஆபரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். செய்தியாளர் அனுப்பிய பெயரை, செய்தி எழுதும் டெஸ்கில் ஒருவர் ஸ்கிரிப்டில் அடிக்கிறார். அதைப் பார்த்து, ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையான பிசிஆரில் இன்னொருவர் மறுபடி அடிக்கிறார், அதுவும் புல்லட்டின் ஓடிக்கொண்டிருக்கும்போது. அந்த இரண்டாவது டைப்பிங்கை ஒழிப்பதுதான் உங்களுக்கு வேண்டிய ஆட்டோமேஷன்.

பெரிய சேனல்களில் ஐநியூஸ், ஈஎன்பிஎஸ் போன்ற நியூஸ்ரூம் மென்பொருளும் கிராபிக்ஸ் இயந்திரமும் மாஸ் என்ற நெறிமுறை வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஆஸ்டன் செய்தியோடு ஒட்டியே இருக்கும். செய்திகளின் வரிசைப் பட்டியலான ரன்டவுனில் செய்தி இடம் மாறினால் அதுவும் கூடவே போகும். இதே வேலையை நீங்கள் காஸ்பர்சிஜியில் செய்துகொள்ளலாம். சுவீடனின் பொது ஒளிபரப்பு நிறுவனம் எஸ்விடி உருவாக்கி, இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அது. அதில் டெம்ப்ளேட், அதாவது ஆஸ்டனின் வடிவ அச்சு, சாதாரண வலைப்பக்கம்தான். ஹெச்டிஎம்எல் தெரிந்த ஒருவர், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி, ஃபில் (கிராபிக்ஸ் படம்), கீ (அதில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் சிக்னல்) இரண்டையும் தனித்தனியாகத் தரும் டெக்லிங்க் என்ற வீடியோ கார்டு இருந்தால் தொடங்கிவிடலாம். எல்லா டெக்லிங்க் மாடலும் கீ தராது, கேட்டு வாங்குங்கள். ரன்டவுனுக்கு ஆரம்பத்தில் ஒரு கூகுள் ஷீட் போதும். ஆனால் புல்லட்டினுக்கு முன் அதன் நகல் உள்கணினியில் இறங்கிவிட வேண்டும். நேரலையின் நடுவே இணையத்தை நம்பி நிற்கக் கூடாது.

அப்புறம் பெயர் வங்கி. அடிக்கடி திரையில் வரும் அமைச்சர்கள், ஆட்சியர், எஸ்பி, கட்சி நிர்வாகிகள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். டெஸ்க் பெயரை அடிக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். பணியிட மாற்ற உத்தரவு வந்த அன்றே பதவியைத் திருத்தும் பொறுப்பு ஒரே ஒருவருக்கு.

தமிழுக்கென்றே சில சிக்கல்கள் இங்கே உண்டு. ‘கௌதமன்’ என்பதைப் பலர் ‘கெ’ போட்டு ‘ள’ சேர்த்து ‘கெளதமன்’ என்று அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல், வங்கியில் தேடினால் கிடைக்காது. ‘கொ’வையும் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகச் சேர்த்து அடிக்க முடியும். இதை, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிவரிசைகளை ஒன்றாக்கும் யூனிகோடு சீராக்கமே சரிசெய்துவிடும். ‘ள’வை அது தொடாது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும். டெஸ்க் இன்னும் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அடித்தால், யூனிகோடுக்கு மாறாமல் எதையும் தொடங்க வேண்டாம். பதவி நீளத்தை எழுத்து எண்ணி வெட்டாதீர்கள்: ‘ஸ்ரீ’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு நான்கு குறி. நடுவில் வெட்டினால் புள்ளியோ கொம்போ அந்தரத்தில் நிற்கும். பிக்சல் அகலத்தை அளந்து, கொஞ்சம் சுருக்கியும் அடங்காவிட்டால் டெஸ்குக்கே திருப்பி அனுப்பச் செய்யுங்கள்.

சரி, எல்லாமே தானாக ஓடலாமா? ஆஸ்டனைத் திரையில் ஏற்றும் டேக் பட்டனை மட்டும் மனிதர் கையை விட்டுப் பிடுங்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சேனலில், நேரலை விவாதத்துக்கு வந்த இரண்டு விருந்தினர்கள் இருக்கை மாறி உட்கார்ந்துவிட்டார்கள். இருக்கை வரிசைப்படி பெயர் தானாக ஏறியது. எதிரெதிர் கட்சிக்காரர்கள், ஒருவர் பேச்சின் கீழே மற்றவர் பெயர் ஓடியது. மன்னிப்புக் கேட்டோம், ஆனால் அந்தக் காட்சி போனுக்குப் போன் பரவிவிட்டது. வரிசையை மென்பொருள் தயார் செய்யட்டும். பேசுவது யார் என்று பார்த்துத் தட்டுவது ஆபரேட்டர். நாற்பது பெயர் அடிக்கும் பதற்றம் போனால் திரையைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கும்.

வாக்கு எண்ணிக்கை நாளில் மட்டும் எண்கள் தாமாக மாறலாம், வேலியோடு. ஒரு வேட்பாளரின் மொத்த வாக்கு முந்தைய சுற்றைவிடக் குறைந்தால் பழைய எண்ணே நிற்கட்டும், பிசிஆரில் மணி அடிக்கட்டும். சட்டமன்றத் தேர்தலில் கட்சிகளின் முன்னிலைக் கூட்டுத்தொகை மொத்தத் தொகுதிகளான 234ஐத் தாண்டினால் பலகையையே நிறுத்திவிடுங்கள். முன்னிலை மேலும் கீழும் ஆடுவது இயல்பு. ஆனால் ‘முன்னிலை’ ‘வெற்றி’யாக மாற ஆசிரியர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும்.

தரவு வராவிட்டால் வெறும் பட்டை ஏறக் கூடாது, டெம்ப்ளேட்டே வெளியே வரக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் இறக்கும் கிளியர் விசையைச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிஜியைக் கழற்றாமல், புதியதை இரண்டு வாரம், ஒளிபரப்பாகாத ப்ரிவியூ மானிட்டரில் மட்டும் கூடவே ஓட்டிப் பாருங்கள். அந்த நாட்களில் எங்கெல்லாம் பெயர் பிசகியது என்று ஆபரேட்டரையே ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள், டெம்ப்ளேட் எழுதுபவருக்கு அந்த நோட்டுதான் வேண்டும்.