பிளேட்லெட் 5.6 லட்சம்: ரத்தம் உறைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. காசிமேட்டில் மீன் விற்கிறேன். தலைசுற்றலுக்காக ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.2, பிளேட்லெட் 5.6 லட்சம். மாதவிலக்கு எட்டு நாள் போகிறது. கொரோனா காலத்திலிருந்து தினமும் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை போடுகிறேன். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. ஏற்கெனவே எட்டு நாள் ரத்தம் போகிறது, ஆஸ்பிரின் அதை இன்னும் கூட்டிவிடும்.

ரத்தத்தை உறையவைக்கும் அணுதான் பிளேட்லெட். அது 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்கலாம். உங்களுக்குக் கூடியதற்கு இரும்புச்சத்துக் குறைவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவுக்கும் பிளேட்லெட்டுக்கும் தாய் செல் ஒன்றுதான். இரும்பு போதாதபோது அது சிவப்பணு பக்கம் போகாமல் பிளேட்லெட் பக்கம் சாய்ந்துவிடும். இரும்பு ஏறினால் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையும் தானாக இறங்கும். எதற்கும் உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜிங்க் விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை நிறுத்த ஜிங்க் வேண்டும், அது உண்மை. ஆனால் தினமும் 40 மில்லிகிராமுக்கு மேல் வருடக்கணக்கில் போனால், குடல் செம்புச்சத்தை உள்ளே விடாது. செம்பு குறைந்தாலும் ரத்தசோகை வரும், வெள்ளணுவும் குறையும். கை கால் மரத்துப்போகவும் செய்யலாம். இன்றோடு அதை நிறுத்துங்கள். ரத்தத்தில் செம்பின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால், விடியற்காலை ஏலம் முடிந்து குடிக்கிறீர்களே அந்த டீயோடு போடாதீர்கள், டீ இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். வாரம் ஒருநாள் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சமைத்துச் சாப்பிடுங்கள்.

அப்புறம், ரத்தம் ஏன் இவ்வளவு போகிறது என்று பார்த்தாக வேண்டும், கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, இந்த வாரமே போய் ஸ்கேன் எடுங்கள். நடுவில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.